காசு இல்லாத பேய்க்குக் கூட்டம் வேண்டும்!

சிட்லபாக்கம்:

பயமுறுத்திக்கொண்டே சிரிக்க வைக்கும் பேய்ப் படத்துக்குப் பெரிய ஹீரோ தேவையில்லை. வெளிநாட்டு டூயட் தேவையில்லை. ஒரு பழைய பங்களா, நாலு முகம், கொஞ்சம் இருட்டு போதும். ஆனால் ஒன்று மட்டும் கட்டாயம் வேண்டும். பக்கத்து சீட்டில் ஆள்! சின்னப் படங்களுக்குக் கிடைக்காமல் போவது அதுதான்.

சானடோரியத்தில் மின்சார ரெயிலை விட்டு இறங்கி சிட்லபாக்கம் வரும் குமாஸ்தாவும், ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வரும் கடைக்காரரும் படம் பார்க்க முடிவது இரவுக் காட்சியில்தான். உள்ளூரிலேயே வரதராஜா இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் குரோம்பேட்டை வெற்றி. ஆனால் பெரிய படம் வந்த வாரத்தில் சின்னப் படத்துக்கு எந்த ஊரிலும் மிஞ்சுவது பகல் காட்சிதான். இவர் ஆபீசில் பைல் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பேய் வந்து போய்விடுகிறது!

நாகேஷ் சொன்ன கதை

செலவில்லாமல் எடுத்த பேய்க் காமெடிக்கு நம் ஊரில் தாத்தா யார் தெரியுமா? நாகேஷ்!

1964-ல் டைரக்டர் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. 'ஓஹோ புரொடக்சன்ஸ்' முதலாளி செல்லப்பாவாக நாகேஷ். கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, கையில் காசு இல்லை. அப்பா பாலையாவிடம் பணம் கறக்கத் திகில் கதை சொல்கிறார். திரையில் பேய் கிடையாது. மேக்கப் கிடையாது. ஒருவர் வாயாலேயே சத்தம் போட்டு மிரட்டுகிறார். எதிரே இருப்பவர் வெலவெலத்துப் போகிறார். அவ்வளவுதான் காட்சி. 60 ஆண்டு கழித்தும் டி.வி.யில் அது வந்தால் சாப்பிடுகிற கை நிற்கிறது.

பிறகு விட்டலாச்சார்யா. 1978-ல் தெலுங்கில் எடுத்த 'ஜெகன்மோகினி' தமிழ் பேசியும் சக்கைப்போடு போட்டது. விறகுக்குப் பதில் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும் பேயை மறக்க முடியுமா? எல்லாம் கேமரா தந்திரம். கம்ப்யூட்டர் வித்தை இல்லாத காலம். குழந்தைகள் அலறின, பெரியவர்கள் சிரித்தார்கள். இரண்டும் ஒரே கொட்டகையில்!

ஒரு எழுத்தை வெட்டினார்கள்

2012 அக்டோபரில் வந்தது 'பீட்சா'. குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த கார்த்திக் சுப்பராஜ் டைரக்ட் செய்த முதல் படம். பீட்சா கொண்டுபோன விஜய் சேதுபதி ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறார். முடிவைச் சொன்னால் பார்க்காதவர்கள் அடிக்க வருவார்கள், விட்டுவிடுவோம். சின்னப் படம் ஓடியதும் கோடம்பாக்கத்தில் பேய்கள் வரிசையில் நின்றன.

2014 மே மாதம் 'யாமிருக்க பயமே'. முருகன் படத்துக்குக் கீழே இருக்கும் வாசகத்தில் கடைசி எழுத்தை வெட்டியெடுத்த தலைப்பு! கடன்காரன் ஒருவனுக்கு மலையூரில் பாழடைந்த பங்களா கிடைக்கிறது. அதை ஓட்டலாக்குகிறான். தங்க வந்தவர்கள் வரிசையாகச் சாகிறார்கள். போலீசுக்குப் பயந்து பிணத்தை மறைக்கிறார்கள். வியாபாரிக்கு இந்தப் பயம் நன்றாகப் புரியும். பேயை விட வட்டிக்காரன் மேல்தான் கிலி! பெரிய ஹீரோவின் படத்தில் இது எடுபடாது. அவர் பேயையே பந்தாடிவிடுவார். இங்கே கிருஷ்ணாவும் கருணாகரனும் நம்மைப் போலவே ஓடுகிறார்கள். சில நிமிடமே வந்த யோகி பாபுவை ஊரே கவனித்ததும் இந்தப் படத்தில்தான்.

இதையே வீட்டில் செல்போனில் பாருங்கள். பாதியில் நிறுத்தி சாம்பார் ஊற்றிக்கொள்ளலாம். பயமும் வராது, சிரிப்பும் வராது. தியேட்டரில் ஒருவன் 'ஐயோ' என்று அலறினால் பக்கத்து ஆள் முதலில் தூக்கிவாரிப் போட்டு எழுகிறான். அடுத்த நொடி, அலறியவனைப் பார்த்துச் சிரிக்கிறான். பாதி காமெடி சீட்டில் நடக்கிறது. அதற்குத் தயாரிப்பாளர் சம்பளம் தர வேண்டியதில்லை.

48 மணி நேரம்

ஆனால் கொட்டகைக்குள் நுழையவே துட்டு வேண்டும். டிஜிட்டல் முறையில் படம் காட்டுவதற்கான கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1-ந்தேதி முதல் தமிழ்ப் பட வெளியீட்டையே தயாரிப்பாளர்கள் நிறுத்தினார்கள். ஏப்ரலில்தான் புதுப்படம் வந்தது. பெரிய படத்துக்கு அந்தக் கட்டணம் கொசுக்கடி. சின்னப் படத்துக்கு முதுகில் மூட்டை. வெள்ளிக்கிழமை ரிலீசான படத்துக்கு சனி, ஞாயிறு கூட்டம் வராவிட்டால் திங்கட்கிழமை காட்சி பறிபோகும். 'படம் நல்லாருக்காம்பா' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும்போது படம் தியேட்டரில் இருக்காது.

ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். ஷினிச்சிரோ உயேதா என்ற டைரக்டர், பெயர் தெரியாத நடிகர்களை வைத்து ஒரு நடைப்பிணக் காமெடி எடுத்தார். 'கேமராவை நிறுத்தாதே' என்று பெயர். செலவு 30 லட்சம் யென். நம் பணத்தில் 20 லட்ச ரூபாய்கூட ஆகாது. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். 2017 நவம்பரில் தோக்கியோவில் ஒரு குட்டி தியேட்டரில் 6 நாள் ஓட்டினார்கள். பார்த்தவர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. 2018 ஜூனில் மறுபடி திரைக்கு வந்தது. 200 தியேட்டர்களுக்கு மேல் பரவி, போட்ட பணத்தைப் போல ஆயிரம் மடங்கு அள்ளியது.

நம் ஊரில் என்றால் அந்த 6-வது நாளே போஸ்டர் மேல் வேறு போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்.