ஒரே அட்டவணை, இரண்டு பெயர்கள்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் இருப்புப்பாதைகள் பிரிகின்றன. அவற்றுள் சென்னை செல்லும் பாதையில் உள்ளது திண்டிவனம். திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்க எந்தெந்த வண்டிகள் உதவும்? இதைக் கணிப்பொறியிடம் எவ்வாறு கேட்பது?

'நிறுத்தங்கள்' என்றோர் அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். வண்டி, நிலையம், எண், நேரம் என அதில் நான்கு பத்திகள். 'எண்' என்பது எத்தனையாவது நிறுத்தம் என்பதைக் குறிக்கும். ஒரு வண்டி ஒரு நிலையத்தில் நிற்பதற்கு ஒரு வரி.

இவ்வகை அட்டவணைகளுக்கான கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அவற்றை வினவும் மொழியை 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் அறிமுகப்படுத்தினர். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல்.

'நிலையம் திண்டிவனமாகவும் விழுப்புரமாகவும் இருக்கவேண்டும்' என்று கேட்டால் ஒரு வரிகூட விடையாக வராது. ஏன்? கணிப்பொறி வரிவரியாகச் சோதிக்கிறது. ஒரு வரியில் ஒரு நிலையமே இருக்கும்.

ஆகவே அட்டவணையை இரண்டு பிரதிகளாகப் பாவித்து, ஒன்றுக்கு 'தி', மற்றதற்கு 'வி' என மாற்றுப்பெயர் சூட்டுகிறோம். ஆங்கிலக் கட்டளைச் சொற்களை ஒலிப்படி எழுதினால் வினவல் இப்படி அமையும்:

செலக்ட் தி.வண்டி, தி.நேரம், வி.நேரம்
ஃபிரம் நிறுத்தங்கள் தி, நிறுத்தங்கள் வி
வேர் தி.வண்டி = வி.வண்டி
அண்ட் தி.நிலையம் = 'திண்டிவனம்'
அண்ட் வி.நிலையம் = 'விழுப்புரம்'
அண்ட் தி.எண் < வி.எண்

கடைசி வரி எதற்கு? ஒரு வண்டிக்குத் திண்டிவனம் 4-ஆம் நிறுத்தம், விழுப்புரம் 5-ஆம் நிறுத்தம் என்றால் அது தேறும். மற்றொன்றுக்கு விழுப்புரம் 2, திண்டிவனம் 3 என்றால் அது எதிர்த்திசையில் சென்னை நோக்கிப் போகும் வண்டி; தேறாது. இந்த வரி இல்லையேல் பயணி தவறான வண்டியில் ஏறிவிடுவார்!

ரயில்வே விழுப்புரத்தை 'வி.எம்.' என்றும் திண்டிவனத்தை 'டி.எம்.வி.' என்றும் சுருக்கி எழுதுகிறது. அக்குறியீடுகள் நிலையானவை. மாற்றுப்பெயரோ அந்த ஒரு வினவலோடு மறைந்துவிடும்.

பத்திகளின் பெயர்களுக்குப் பதிலாக உடுக்குறி (*) இட்டால் 'எல்லாப் பத்திகளும்' என்று பொருள். இங்கே அதைத் தனியே இட்டால் இரு பிரதிகளின் எட்டுப் பத்திகளும் வரும். 'நேரம்' இரண்டில் எது எந்த ஊருக்கு என்று குழப்பமும் வரும். 'தி.*' என்று எழுதினால் முதற்பிரதியின் நான்கு பத்திகள் மட்டுமே வரும். நாளை அட்டவணையில் புதுப்பத்தி சேர்ந்தால், உடுக்குறி அதையும் கேளாமலே கொண்டுவரும். எனவே தேவையானவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பதே நன்று.

மாணவர்களே! விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வண்டிகளைக் காண, மேலே உள்ள வினவலில் ஒரே ஒரு குறியை மாற்றினால் போதும். அது எது? சிந்தியுங்கள்.