வீட்டிலேயே கிட்டார் பதிவு: கல்முனையில் பார்த்தது



நம்ம லயங்களிலும் இப்போது கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் அங்கங்கே இருக்கிறார்கள். "அப்பா, மைக் வாங்கணும், அட்வான்ஸ் எடுத்துத் தாங்க" என்று கேட்கிறவர்களும் உண்டு. அட்வான்ஸ் எடுக்கும் முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

கல்முனையில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் தங்க நேர்ந்தது. அந்த வீட்டுத் தம்பி, உம்மா பாடும் நாட்டார் கவிகளுக்குக் கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிறார். (அம்பாறைக்குக் கிட்டார் புதிதல்ல. 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் 1960களில் அங்கே ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில்தான் படித்தார்.) தம்பியிடம் இருந்தது ஒரு போன், ஒரு இயர்போன், நாலு போர்வை.

"அண்ணன், சத்தத்தைப் பிடிக்க முந்தி மற்றச் சத்தத்தை நிப்பாட்டணும்" என்றார். ஃபேனை நிறுத்தினார். கடலுக்கு மறுபக்கத்து அறையில், சுவரில் பட்டு எதிரொலிக்காமல் போர்வைகளைத் தொங்கவிட்டார். நம்ம காம்பராவில் தகரத்தில் மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவை மறந்துவிட வேண்டியதுதான்.

பலர் விடும் பிழை, கிட்டாரின் வட்ட ஓட்டைக்கு நேரே மைக்கை வைப்பது. அங்கே அடிச்சத்தம் அதிகம். 'பொம் பொம்' என்றுதான் கேட்கும். 12ஆவது பிரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி வையுங்கள். போனின் மைக் பெரும்பாலும் சார்ஜர் குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனை கிட்டாரைப் பார்க்கட்டும். பலமாக வாசிக்கும் பகுதியை முதலில் பதிந்து பாருங்கள். சத்தம் உடைந்தால் இன்னும் தள்ளி வையுங்கள். உடைந்த சத்தத்தைப் பிறகு சரிசெய்வது கஷ்டம், குறைந்த சத்தத்தைக் கூட்டலாம்.

கிட்டாரை முதலில் தனியே பதிகிறார். பிறகு உம்மா அதை இயர்போனில் கேட்டுக்கொண்டே பாடுகிறார்.

மைக் வாங்கத்தான் வேண்டுமா? கடைக்காரர் காட்டும் கண்டன்சர் மைக் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் தனிப்பெட்டியும் வேண்டும். மைக்கின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அது பக்கத்துக் காம்பரா ரேடியோவையும் சேர்த்துப் பிடிக்கும். மேடையில் பாடகர் கையில் பிடிக்கிற டைனமிக் மைக்கைக் கிட்ட வைத்தால் அந்தத் தொல்லை குறைவு. என்னைக் கேட்டால், அந்தக் காசில் முதலில் புதுக் கம்பி வாங்குவேன். துருப்பிடித்த கம்பியை எந்த மைக்கும் நல்லதாக்காது. அங்கே உப்புக்காற்று, இங்கே பனியும் ஈரமும். வாசித்ததும் காய்ந்த துணியால் துடையுங்கள்.

உம்மம்மா பாடியதும் ஒரு காலத்தில் கசெட்டில் இருந்ததாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டோடு போய்விட்டது. அதனால் தம்பி எதையும் போனில் மட்டும் வைப்பதில்லை. மெமரி கார்டில் ஒன்று, காத்தான்குடியில் இருக்கும் ராத்தாவுக்கு ஒன்று. நான் இருந்த அன்றும் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ராத்தா போன் எடுத்து, "உம்மா ரெண்டாவது கவியில ஒரு அடிய விட்டுட்டா" என்றார். மறுநாள் காலையில் திரும்பவும் போர்வைகள் தொங்கின.