சாமை மாவு இயந்திரம் வாங்குமுன் வரி வரவை எண்ணுங்கள்

தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால் கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது சித்தேரி. சாமையும் ராகியும் இம்மலை மக்களின் பழம்பயிர்கள். தானியமாக விற்பதைவிட மாவாக அரைத்து, பாக்கெட்டில் அடைத்து விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். இதற்கென இயந்திரம் வாங்க விரும்பும் விவசாயிகளும் மகளிர் குழுக்களும் ஜி.எஸ்.டி. என்னும் சரக்கு, சேவை வரியின் ஒரு விதியை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

யாருக்குப் பதிவு தேவை?

தன் நிலத்தில் விளைந்த தானியத்தை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. தமிழகத்துக்குள் சரக்கு மட்டும் விற்கும் சிறு தொழிலுக்கும், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் தாமாகவே பதிவு செய்துகொள்ளலாம். இதற்கு அரசுக் கட்டணம் கிடையாது.

வரி வரவு என்பது என்ன?

பதிவு பெற்றவர் தொழிலுக்காக வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியை, தாம் விற்கும் பொருளுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதுவே உள்ளீட்டு வரி வரவு. தானியம் அரைக்கும் இயந்திரங்களுக்கான வரி 2022 ஜூலையில் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. எனவே இவ்வரவு சிறு தொகை அல்ல.

ஒரு கணக்கு

இயந்திரத்தின் விலை 2 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். 18 சதவீத வரி 36,000 ரூபாய். பெயர் அச்சிட்ட பாக்கெட் மாவுக்கு வரி 5 சதவீதம். மாதம் 60,000 ரூபாய்க்கு விற்றால் வரி 3,000 ரூபாய். இதை வரவிலிருந்தே ஈடுசெய்யலாம். ஆக, 12 மாத விற்பனை வரி இயந்திர வரியிலேயே தீர்ந்துவிடும். மீதமுள்ள வரவு அடுத்த மாதத்துக்குச் செல்லும். இயந்திர வரியை ரொக்கமாகத் திரும்பக் கேட்க இயலாது.

பதிவு முதலில், இயந்திரம் பிறகு

பலர் இழப்பது இங்குதான். இயந்திரம் வாங்கிய பிறகு தாமாகப் பதிவு செய்பவருக்கு, அன்று கையிருப்பில் உள்ள மூலப்பொருளுக்கு மட்டுமே வரவு உண்டு, இயந்திரத்துக்குக் கிடையாது. மேற்கண்ட கணக்கில் 36,000 ரூபாயும் போய்விடும். ஆகவே பதிவு எண் கைக்கு வந்த பின்னரே இயந்திரத்துக்கு பில் போடச் செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. பில் பதிவு பெற்றவரின் பெயரிலும் எண்ணிலும் இருக்க வேண்டும். குழுவின் இயந்திரத்தை ஓர் உறுப்பினர் பெயரில் வாங்கினால் குழுவுக்கு வரவு கிடைக்காது.

2. விற்றவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து வரியைச் செலுத்தியிருக்க வேண்டும். அவருக்குரிய முழுத் தொகையையும் 180 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

3. சில்லறையாக அளந்து விற்கும் மாவுக்கு வரி இல்லை. எனவே அதற்கு வரவும் இல்லை. இரு வகையிலும் விற்றால், பாக்கெட் விற்பனையின் பங்குக்கு மட்டுமே வரவு உண்டு.

4. ஒரு சதவீதம் கட்டும் இணக்க முறையில் சேர்ந்தவருக்கு வரவு கிடையாது.

5. வருமான வரிக் கணக்கில் இந்த வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் கோரினால் வரவு போய்விடும்.

யாருக்கு லாபம்?

பதிவு பெற்றால் விற்பனை இல்லாத காலத்திலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. கணக்கு எழுதுபவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். சிறு இயந்திரம் வைத்துச் சந்தையில் அளந்து விற்பவருக்கு இது வீண் சுமை. நகரக் கடைகளுக்குத் தொடர்ந்து பாக்கெட் மாவு அனுப்புபவருக்கோ பயன் உண்டு; கடைக்காரரும் வரி பில்லை விரும்புவார்.

வரி விகிதங்கள் மாறக்கூடியவை. வாங்கும் நாளில் உள்ள விகிதத்தை வணிகவரி அலுவலகத்திலோ தணிக்கையாளரிடமோ கேட்டறிந்து, இரு பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்த்து, அதன் பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது.