வீட்டுக்கு எழுதிய செய்தி

1967 நவம்பர் 18, சனிக்கிழமை. பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. லண்டனில் எடுத்த அந்த முடிவு, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் என் அம்மா வைத்திருந்த தகரப் பெட்டி வரைக்கும் வந்து சேர்ந்தது.

அக்கா கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்த பணம் முழுக்கப் பழைய நோட்டு. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் பேங்க் நெகாரா புது மலேசிய வெள்ளியை வெளியிட்டிருந்தது. பழையதும் செல்லும், புதியதும் செல்லும், இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றார்கள். அதனால் தோட்டத்தில் யாரும் அவசரப்பட்டு மாற்றவில்லை. பவுன் இறங்கியதும் பழைய 1 வெள்ளி 85 காசாகிவிட்டது. பெட்டியில் 100 வெள்ளி வைத்திருந்தவருக்கு 85 வெள்ளிதான் மிச்சம்.

நான் அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு மாணவன். அப்பா பால்வெட்டுக்காரர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த படிப்பு அவருக்கு. வழக்கம்போல நலம் விசாரித்து, அம்மாவின் முட்டிவலியைச் சொல்லி, கடிதத்தின் முடிவில் கேட்டிருந்தார்: "தம்பி, பேப்பரும் படிச்சேன், ரேடியோவும் கேட்டேன். பவுனு வெள்ளைக்காரன் காசு. அது எறங்குனா நம்ம பொட்டியில இருக்கிற காசு ஏன் எறங்கணும்?"

அன்றைய நாளிதழ்களில் சேதி இருந்தது, அமைச்சர்களின் அறிக்கை இருந்தது. அப்பாவின் கேள்விக்குப் பதில் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. பொருளாதாரம் படித்த நண்பர்களைப் பிடித்து, நூலகத்தில் உட்கார்ந்து, புரிந்துகொண்டு எழுதினேன். பழைய நோட்டை வெளியிட்டது ஆங்கிலேயர் காலத்து நாணய வாரியம். அது வெளியிட்ட நோட்டுக்கு ஈடாக வைத்திருந்தது பெரும்பாலும் பவுன் சொத்து. "அப்பா, நோட்டு என்பது அடகுக்கடைச் சீட்டு மாதிரி. உள்ளே இருக்கிற நகையின் விலை இறங்கினால் சீட்டின் மதிப்பும் இறங்கும். புது வெள்ளியை பேங்க் நெகாரா தங்கத்தைக் கணக்கு வைத்து மதிப்பிட்டிருக்கிறது. அதனால் அது பவுனோடு சேர்ந்து இறங்கவில்லை" என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்தை அப்பா அஞ்சடியில் உட்கார்ந்து உரக்கப் படித்தாராம். பக்கத்து லயத்துக்காரர்களும் வந்து கேட்டிருக்கிறார்கள். சின்னக் கிராணி வாங்கிப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அதற்குள் பினாங்கில் நவம்பர் 24 அன்று கடையடைப்பு நடந்து, அது கலவரமாகி, ஊரடங்கு வந்துவிட்டது. ஏன் கடையடைத்தார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அடுத்த கடிதமும் போயிற்று.

பிறகு சில காலம் நாளிதழில் வேலை பார்த்தேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை இதழியல் கற்பித்தேன். முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றுதான்: அன்றைய முக்கியச் செய்தியை வீட்டில் இருக்கும் ஒருவருக்குக் கடிதமாக எழுது, செய்தியாக அப்புறம் எழுதலாம். "பொதுமக்களுக்கு" எழுதுகிறவன் எதையும் தாண்டிப் போய்விடலாம். அம்மாவுக்கு எழுதும்போது தாண்ட முடியாது. அவள் திருப்பிக் கேட்பாள்.

1998 செப்டம்பர் 2 அன்று ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார்கள். முந்தைய ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி தொடங்குமுன் 2.50 அளவில் இருந்தது. 1998 ஜனவரியில் 4.80ஐயும் தாண்டிப் போயிருந்தது. புந்தோங்கிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இதைத் தன் அம்மாவுக்கு எழுதினாள். அவள் அண்ணன் இந்தியாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். கல்லூரிக் கட்டணம் டாலரில். அடுத்த தவணைக்கு எத்தனை ரிங்கிட் வேண்டும், இனி அந்தத் தொகை மாதத்துக்கு மாதம் ஆடாது என்பதால் என்ன நிம்மதி, பழைய விலை ஏன் திரும்பாது என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்த வாரம் அதைவிடத் தெளிவான கட்டுரையை நான் எங்கும் படிக்கவில்லை.

இந்த வழி எனக்கு முன்னோர் காட்டியது. 1928இல் நேரு, முசூரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு உலகத்தின் கதையைக் கடிதங்களாக எழுதினார். பேராசிரியர் மு. வரதராசன் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று வீட்டு உறவுகளின் பெயரிலேயே கடித நூல்கள் எழுதினார். அண்ணா 1955 முதல் தன் 'திராவிட நாடு' இதழில் 'தம்பிக்கு' எழுதிய கடிதங்கள் அரசியல் பாடமாகவே ஆகிவிட்டன. எங்கள் பக்கத்தில் கோ. சாரங்கபாணி. 1935இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கியவர், 1950களில் அதில் மாணவர் மணிமன்றம் நடத்தி, தோட்டத்துப் பிள்ளைகளையும் எழுத வைத்தார். எங்கள் தோட்டத்துக்கு மணிமன்றப் பக்கம் வரும் நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குள் அடிபிடிதான். யார் பெயர் வந்திருக்கிறது என்று பார்க்க அத்தனை ஆசை.

கல்லூரி நாளில் நான் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாமே உலக நடப்பாக இருந்துவிடவில்லை. விடுதிச் சாப்பாடு, கிழிந்த சட்டை, தேர்வு, பஸ் காசு, இவைதான் அதிகம். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு எங்கள் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தபோது மட்டும் மூன்று கடிதம் தொடர்ந்து எழுதினேன். இந்திய ஆய்வியல் துறைத் தலைவர் தனிநாயகம் அடிகள் ஓடியாடி வேலை பார்த்ததை எழுதினேன். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் தமிழ் இலக்கணம் பேசியதை எழுதினேன். அதைப் படித்துவிட்டு அப்பா போட்ட பதிலில் பாதி மாநாட்டைப் பற்றி, மீதி மழையைப் பற்றி. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

இப்போது எடுத்துப் படிக்கையில் என் கடிதங்களைவிட அப்பாவின் பதில்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலம் அது. 'தோட்டத் துண்டாடல்' என்று நாளிதழ்கள் ஏக்கர் கணக்கு எழுதின. அப்பா எழுதியது வேறு: எந்த லயத்தில் எந்த வீடு காலி, எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, ஆயாக்கொட்டகையில் எத்தனை குழந்தை மிச்சம். துன் வீ. தி. சம்பந்தன் எங்கள் சுங்கை சிப்புட்காரர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கலாமா என்று அப்பா ஒரு கடிதம் முழுக்க என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கிய சங்கம் அது. அதில் சேர்வது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கனமான முடிவு என்பதை அந்தக் கடிதம் சொல்வதுபோல ஆண்டறிக்கை எதுவும் சொல்லாது.

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் தவித்தார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். எங்கள் எதிர்வீட்டு மாமாவும் பினாங்கு துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். அதன்பின் வந்த அவருடைய ஏரோகிராம்களில் அவர் கேட்பதெல்லாம் ரப்பர் விலை. பிறந்து வளர்ந்த லயத்தை விட்டுப் போன பிள்ளைகள் அங்கே பள்ளியில் படும் பாட்டை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார். அந்த ஓரங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். இன்றும் நெஞ்சு கனக்கிறது.

எங்கள் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் தாமான் வீடுகள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழே 2019இல் நின்றுவிட்டது. லயம் காலி செய்து தாமானுக்குப் போகும்போது பழைய துணியோடு சேர்த்துக் கடிதங்களையும் எரித்தவர்களைக் கண்ணால் பார்த்தேன். பேராக்கில் பல தமிழ்க் குடும்பங்களின் பரண்மேல் பழைய கடிதங்கள் வைத்த பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். தயவுசெய்து அதை எரிக்காதீர்கள்.

கடிதத்தை உறையோடு வையுங்கள். உள்ளே தேதி போடாதவர்கள் பலர், அஞ்சல் முத்திரைதான் ஆண்டு சொல்லும். பிளாஸ்டிக் பூசிவிடாதீர்கள், ஸ்டேப்பிள் கம்பியை எடுத்துவிடுங்கள்; துரு தாளைத் தின்றுவிடும். செல்பேசியில் இரண்டு பக்கமும் படமெடுங்கள், ஓரத்தில் எழுதியதை விடாதீர்கள். "பெரியம்மா", "சின்ன மாமா" என்று எழுதியிருந்தால் அது யார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளில் குறித்து உள்ளே வையுங்கள். என் பேத்தி பினாங்கில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் இந்த வேலையை இருவரும் சேர்ந்து செய்கிறோம். இப்போது 1971க்கு வந்திருக்கிறோம்.