மலைக்கு ஏறுமுன் கேளுங்கள்

கல்லடியில் கடற்கரையோரம் குடியிருப்போருக்கு 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் லீவு விட்டதும் செங்கலடியால் திரும்பி, பிபிலை, லுணுகலை, பசறை தாண்டிப் பதுளைக்கு ஏறுகிறோமே, மலை காட்டும் அறிகுறி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. சொன்னதைச் சனங்கள் கேட்கவில்லை என்று பிறகு பழி போட்டவர்களும் உண்டு. அது அநியாயமான பேச்சு. காணி உறுதி இல்லாத லய அறையில் பிறந்து வளர்ந்த தொழிலாளி, மாற்று இடம் காட்டாமல் எழும்பச் சொன்னால் பிள்ளை குட்டியோடு எங்கே போவார்?

அந்த நிறுவனம் இன்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள். 150 தாண்டினால் சிவப்பு. உடனே வெளியேற வேண்டும். சிவப்பு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. சுவரிலோ முற்றத்திலோ புது வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு, சாய்ந்த மின்கம்பம், தெளிவாக ஓடிய ஊற்று கலங்கிவருவது அல்லது நின்றுபோவது: இதில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் இறங்கிவிடுங்கள். உடுப்புப் பையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

வீடோ தங்குமிடமோ அபாய வலயத்தில் உள்ளதா என்று அறிவது உங்கள் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பிரதேச செயலகத்திலோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலோ தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர், தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய விடயமென்றால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். இதைப் பலர் அறியார். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

வீடு சேதமானால் துப்புரவாக்குமுன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். லயத்தில் இருப்பவர்கள் வாக்காளர் பதிவு, சம்பளத் துண்டு போன்றவற்றின் பிரதிகளை வேறு ஊர் உறவினரிடமும் கொடுத்து வைப்பது நல்லது. நட்டஈடு கேட்கும்போது காணி உறுதி இல்லை என்று திருப்பி அனுப்பினால் அவை கைகொடுக்கும்.

2025 நவம்பரில் டித்வா புயல் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பலர் மலையகத்தில் மண்ணுக்குள் போனவர்கள். அடுத்த மழைக்கு முன், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை உங்கள் போனில் பதியுங்கள். மலையில் இருக்கும் சொந்தங்களுக்கும் இன்றே சொல்லுங்கள்.