வீட்டுக் கடன் அடைத்தாச்சு, பத்திரம் எங்கே? 30 நாள் தாண்டினால் தினம் ரூ.5 ஆயிரம் கேட்கலாம்!

சென்னை:

கடன் வாங்கும்போது வீடு தேடி வந்தார்கள். "ஸார், ஒரு கையெழுத்து போடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். கடனை அடைத்த பிறகு போய்க் கேட்டால், "நீங்க யாரு ஸார்? கணக்கு நம்பர் சொல்லுங்க" என்கிறார்கள்!

வீட்டுக் கடன் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் பல, இன்று இப்படித்தான் புலம்புகின்றன. மாதத் தவணையைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிவிடுகிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வாங்குவதற்குள்தான் பிராணன் போகிறது.

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். அந்தக் காலத்தில் 'கஸ்டமர் கேர்' கிடையாது. இருந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்.

அதன் விவரம் வருமாறு:-

போனில் பாட்டுக் கச்சேரி

கடன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டால் முதலில் ஒரு குரல் வரும். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும். அழுத்தினால் இன்னொரு குரல். அதற்கும் ஒரு எண்ணை அழுத்த வேண்டும். பிறகு பாட்டு. பத்து நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் ஆள் வருவார்.

அவரிடம் முழுக் கதையையும் சொல்லி முடித்தால், "கம்ப்ளெயிண்ட் பதிவு பண்ணியாச்சு ஸார். ரெண்டு நாள்லே உங்களுக்கு கால் வரும்" என்பார். கால் வராது. மறுபடி போன் போட்டால் வேறு ஆள். மறுபடி முதலிலிருந்து கதை!

சரி, நேரிலேயே போய்விடலாம் என்று லீவு போட்டுக்கொண்டு கிளைக்குப் போனால், "இது எங்க கையிலே இல்லே ஸார். ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டிருக்கோம்" என்பார்கள்.

அவர் சொல்வது பொய்யும் அல்ல. பல நிறுவனங்களில் கிளையின் வேலை கடன் பிடிப்பது மட்டும்தான். கணக்கு ஓர் ஊரில், பத்திரம் இன்னோர் ஊரில், போன் எடுப்பவர் மூன்றாவது ஊரில். போன் எடுப்பவருக்குக் குறித்துக்கொள்ளத்தான் அதிகாரம். எதையும் முடித்துக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அலைகிறவர் மட்டும் ஒரே ஆள்.

18 வருஷம் 37 வருஷம் ஆன மாயம்

போன் எடுக்காதது வெறும் மரியாதைக் குறைவு மட்டும் அல்ல. அதில் பணம் போகிறது. எப்படி?

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒருவர் ரூ.30 லட்சம் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 7 சதவீதம். 20 வருஷம். மாதத் தவணை ரூ.23 ஆயிரத்து 259. இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டுகிறார். பாக்கி ரூ.28½ லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. இன்னும் 18 வருஷம்.

இப்போது வட்டி 9½ சதவீதம் ஆகிறது. இது கற்பனைக் கணக்கு அல்ல. ரிசர்வ் வங்கியின் 'ரெப்போ' விகிதம் 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் நடுவில் 4 சதவீதத்திலிருந்து 6½ சதவீதத்துக்குப் போனது. அதே 2½ சதவீத ஏற்றம்தான்.

மாதத் தவணை மாறவில்லை. அதே ரூ.23 ஆயிரத்து 259 பிடிக்கிறார்கள். நம்மவரும் 'அப்பாடா, தவணை ஏறவில்லை' என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அந்தப் பணத்தில் ரூ.22 ஆயிரத்து 579 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் ரூ.680!

இப்படியே போனால் கடன் தீர எத்தனை வருஷம் ஆகும்? இன்னும் 37 வருஷத்துக்கு மேல்! நாற்பது வயதுக்காரருக்கு எழுபத்தேழு வயது வரைக்கும் தவணை. ரிடையர் ஆன பிறகு பென்ஷனில் கட்ட வேண்டியதுதான்.

18 வருஷத்திலேயே முடிக்க வேண்டும் என்றால் மாதத் தவணையை ரூ.27 ஆயிரத்து 600 சுமாருக்கு ஏற்றியிருக்க வேண்டும். மாதம் ரூ.4 ஆயிரத்து 350 கூட. கஷ்டம்தான். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கடன் வாங்கியவர். அவரைக் கேட்காமல் காலத்தை நீட்டியதுதான் வயிற்றெரிச்சல்.

இந்தப் புகார்கள் குவிந்த பிறகு, 2023 ஆகஸ்ட் 18-ந் தேதி ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி ஏறினால் தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். கட்டிய வட்டி எவ்வளவு, கழிந்த அசல் எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

அந்தக் காகிதம் உங்களுக்கு வருகிறதா? வந்தால் படிக்கிறீர்களா? 'பாக்கித் தவணை' என்ற ஒரு வரியைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும்.

புதியவருக்கு ஒரு வட்டி, பழையவருக்கு ஒரு வட்டி

ஏறும்போது ஓடி வருகிற வட்டி, இறங்கும்போது நொண்டிக்கொண்டு வருகிறது என்பது அடுத்த புகார்.

2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் ரெப்போ விகிதம் மூன்று தடவை குறைந்தது. 6½ சதவீதம் 5½ சதவீதம் ஆனது. அந்தக் குறைப்பு தன் கணக்கிலும் விழுந்ததா என்று தெரியாத பழைய வாடிக்கையாளர்கள் அனேகம்.

இதில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகள் 2019 அக்டோபர் 1-ந் தேதி முதல் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை, ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டிவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். ஆனால் வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கு - 'ஹவுசிங் பைனான்ஸ்' என்கிறோமே, அவைகளுக்கு - இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுடைய சொந்த அளவுகோலை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள்.

அதனால், பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் வாங்கிய கடனுக்குக் குறைந்த வட்டி. பத்து வருஷமாக ஒழுங்காகக் கட்டும் பழையவருக்கு அதிக வட்டி. ஏன் என்று கேட்டால், "அப்ளிகேஷன் எழுதிக் குடுங்க. கன்வர்ஷன் பீஸ் கட்டுங்க, குறைச்சுடறோம்" என்கிறார்கள். கேட்காதவருக்குக் குறைவது இல்லை. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்!

பத்திரம் இங்கே இல்லை!

எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு ஒருவழியாகக் கடனை அடைத்துவிட்டார். 'நோ டியூ' கடிதமும் கையில் வந்துவிட்டது. கதை முடிந்ததா? இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

"பத்திரம்?"

"அது இங்கே இல்லே ஸார். வெளியூர்லே லாக்கர்லே இருக்கு. எழுதிப் போட்டிருக்கோம். வந்ததும் சொல்றோம்."

சிலருக்கு ஒரு மாதம். சிலருக்கு மூன்று மாதம். சிலருக்கு, "தேடிக்கிட்டு இருக்கோம் ஸார்" என்ற பதில். கேட்டவருக்கு நெஞ்சு அடைத்துப்போகிறது. மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கியிருப்பார். கெடு தேதி நெருங்கும். வாங்குகிறவர், "மூலப் பத்திரத்தைக் காட்டுங்க, மீதிப் பணம் தர்றேன்" என்பார். காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

பத்திரத்தை ஒப்படைப்பதே அடமானம்தான் என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம். அதற்குரிய பிரிவில் கல்கத்தா, பம்பாயோடு நம் சென்னையின் பெயரும் எழுதியே இருக்கிறது. ஒப்படைக்கும் வழி அத்தனை பழசு. திரும்ப வாங்கும் வழிதான் இத்தனை நாளாகக் கெடு இல்லாமல் கிடந்தது.

வில்லங்கத்தில் தொங்கும் கடன்

பத்திரம் கைக்கு வந்தாலும் ஒரு வேலை பாக்கி உண்டு. பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது 'எம்.ஓ.டி.' என்று ஒரு பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது வழக்கம். அந்த அடமானம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கடன் தீர்ந்த பிறகு, கடன் கொடுத்தவர் தரப்பில் அதிகாரம் உள்ள ஒருவர் வந்து ரசீதுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான், கடன் தீர்ந்தது என்று வில்லங்கத்தில் தெரியும்.

அந்த ஆளை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைப்பது ஒரு தனிப்பாடு. "அடுத்த வாரம் வர்றார்", "அவர் மாற்றலாகிப் போயிட்டார்" என்று நாள் ஓடும். நோ டியூ கடிதம் வந்துவிட்டதே என்று சும்மா இருந்துவிட்டால், பத்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது வில்லங்கத்தில் பழைய கடன் பல்லைக் காட்டும்.

தினம் ரூ.5 ஆயிரம்

இதற்கெல்லாம் சேர்த்துத்தான் 2023 செப்டம்பர் 13-ந் தேதி ரிசர்வ் வங்கி ஒரு கெடு விதித்தது. அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. வங்கிகள், வீட்டுக் கடன் கம்பெனிகள் எல்லோரையும் இது கட்டுப்படுத்தும்.

உத்தரவு இதுதான்:-

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்கள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிவில் ஏற்றிய அடமானத்தையும் நீக்க வேண்டும்.

தாமதம் கடன் கொடுத்தவரால் என்றால், 30 நாளுக்கு மேல் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5 ஆயிரம் நஷ்டஈடு. தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதையும் அவர்கள் தெரிவிக்க வேண்டும்.

பத்திரம் தொலைந்துபோனால், நகல் வாங்க அவர்களே உதவ வேண்டும், செலவும் அவர்களுடையது. நஷ்டஈடும் உண்டு. நகல் வேலைக்காக அவர்களுக்கு இன்னும் 30 நாள் கிடைக்கும். மொத்தம் 60 நாள் கழித்து நஷ்டஈடு ஓடத் தொடங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கெடுவுக்கு மேல் 20 நாள் இழுத்தால் ரூ.1 லட்சம். இந்த எண்ணைச் சொன்னவுடன் பல கிளைகளில் பேச்சின் தோரணையே மாறிவிடும்!

பத்திரத்தைக் கடன் கணக்கு இருந்த கிளையிலோ, பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, நம் விருப்பப்படி வாங்கிக்கொள்ளலாம். கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் பத்திரத்தைக் கொடுப்பதற்கான முறையை முன்கூட்டியே வகுத்து எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். 'சர்டிபிகேட் கொண்டு வா' என்று விதவைகளை நாளுக்கு ஒன்றாகக் கேட்டு அலைய விடுவதற்கு இடம் இல்லை.

யாரிடம் போவது?

முதலில் கடன் கொடுத்தவரிடமே எழுத்தில் புகார். 30 நாள் காத்திருக்க வேண்டும். பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் மேலே போகலாம்.

வங்கிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் - ஆம்பட்ஸ்மேன். 2021 நவம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக வந்தது. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டியதில்லை. இணையத்தில் கொடுக்கலாம், தபாலில் அனுப்பினால் சண்டிகருக்குப் போகும். விவரம் கேட்க 14448 என்ற எண்.

வீட்டுக் கடன் கம்பெனி என்றால் அந்த வழி இல்லை. 2021 திட்டத்தில் அவைகளைச் சேர்க்கவில்லை. டெல்லியில் உள்ள தேசிய வீட்டு வசதி வங்கியிடம் புகார் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் தப்பான கதவைத் தட்டி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே, நீங்கள் கடன் வாங்கியது வங்கியிலா, கம்பெனியிலா என்று கடன் கடிதத்தின் தலைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றுபோலவே இருக்கும், ஏமாறாதீர்கள்.

இது தவிர மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

'ரிசீவ்டு' முத்திரைதான் ஆயுதம்

எங்கே போனாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எப்போ எழுதிக் குடுத்தீங்க? காப்பி இருக்கா?"

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு மாதம் நடந்திருப்பார்கள். நாற்பது தடவை போன் பேசியிருப்பார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. போனில் பேசியது காற்றோடு போச்சு. 30 நாள் என்ற கடிகாரம் எந்தத் தேதியில் ஓடத் தொடங்கியது என்று காட்ட ஆதாரம் வேண்டாமா?

அதனால், கடைசித் தவணை கட்டிய அன்றைக்கே இரண்டு பிரதி கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். 'இந்தத் தேதியில் கடன் தீர்ந்தது. அசல் பத்திரங்கள் இவை இவை. இந்தக் கிளையில் வாங்கிக்கொள்கிறேன். அடமானத்தை நீக்கி ரசீது பதிவு செய்து தரவும்' - நாலு வரி போதும். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் 'ரிசீவ்டு' முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அலட்டிக்கொள்ள வேண்டாம். நேரே தபாலாபீசுக்குப் போய் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடுங்கள்.

கடன் வாங்கும்போது கொடுத்த பத்திரங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா என்பதையும் இன்றைக்கே பீரோவில் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள். எதைக் கொடுத்தோம் என்றே தெரியாவிட்டால், எதைத் திருப்பிக் கேட்பது?

மாதம் தவறாமல் தவணை பிடிப்பதற்கு அவர்களுக்குத் தேதி ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் பிந்தினால் அபராதம் போடுகிறார்கள். பத்திரத்தைத் திருப்பித் தருவதற்கும் இப்போது ஒரு தேதி இருக்கிறது. பிந்தினால் அபராதமும் இருக்கிறது. அதை ஞாபகப்படுத்த வேண்டியது மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு.