பெயர் தெரியும், பெண்மணியைத் தெரியுமா?

மாதம் ஆயிரம் ரூபாய்! அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிப் படியேறும் பெண்ணுக்கென, 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. ஊரார் அதனைப் 'புதுமைப் பெண்' என்று அழைத்தனர். ஆனால் அரசு ஏட்டிலே அதற்கு நீண்ட பெயர் உண்டு: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்.

இலட்சக்கணக்கான பெண்களின் கையிலே சேர்ந்த பணம். அந்தப் பணத்தோடு வந்த பெயர். யார் அந்த அம்மையார் என்று கேட்டுப் பாருங்கள்! பெருஞ்செல்வர் வீட்டு மாது, அறக்கட்டளைக்கு நிலம் எழுதி வைத்தவர் என்று எண்ணுவோர் உண்டு. அமைச்சராக இருந்திருப்பார் என்று எண்ணுவோரும் உண்டு. பெண்களை நாம் குறை கூறவில்லை. பெயரைப் பலகையிலே எழுதிவிட்டு வாழ்க்கையை மறைவிலே வைத்திருக்கும் வழக்கத்தைத்தான் கூறுகிறோம்.

செல்வர் வீட்டு மாதா அவர்? பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் கைமாறிய குழந்தை! 1883இல் பிறந்த அந்தச் சிறுமி, வறுமையின் கொடுமையால், மாயவரத்தை அடுத்த மூவலூரிலே ஒரு தாசி வீட்டில் விடப்பட்டார். அங்கே பாட்டுக் கற்றார், ஆட்டம் கற்றார், வளர்ந்தார். வளர்ந்ததும், ஒரு முதியவரிடம் அவரை ஒப்படைக்க ஏற்பாடு நடந்தது. முடியாது என்றார். தமக்கு இசை சொல்லித் தந்த சுயம்பு பிள்ளையையே கணவராக ஏற்றார். அந்தக் காலத்திலே, அந்த வீட்டிலே இருந்துகொண்டு, ஒரு பெண் 'முடியாது' என்று சொன்னதன் எடையை இன்று யாரால் நிறுத்துச் சொல்ல முடியும்?

பொட்டுக்கட்டு என்றால் என்னவென்று இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் போனது நல்லதுதான். ஆனால் அது எதனாலே நின்று நிலைத்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டவன் பெயரால் சிறுமியின் கழுத்திலே பொட்டுக் கட்டுவர். அவள் கோயிலுக்கு உரியவள் என்பர். பிறகு அவள் ஊர்ப் பெரிய மனிதருக்கு உரியவளாவாள். பக்தி மட்டுமா இதனைக் கட்டிக் காத்தது? இல்லை, நிலமும் காத்தது! கோயில் ஊழியத்துக்கென விடப்பட்ட மானிய நிலம் அந்தக் குடும்பங்களின் கையிலே இருந்தது. ஊழியம் செய்ய ஒரு பெண் இருக்கும் வரை நிலம் உண்டு. பெண் இல்லையேல் நிலம் இல்லை. ஆகவே தாயே மகளை அனுப்பினாள். பாட்டியே பேத்தியை அலங்கரித்தாள். கொடுமையைச் செய்தவளும் கொடுமைக்கு ஆளானவளும் ஒரே வீட்டில், ஒரே உலையில் வெந்த சோற்றை உண்டார்கள்!

இதனை ஒழித்தவர் யார் என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று உடனே விடை வரும். சரியான விடைதான். 1927இல் சென்னைச் சட்டசபையிலே தீர்மானம் கொண்டு வந்தவர் அவர். மானிய நிலத்துக்கும் கோயில் ஊழியத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்து, ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்று ஆக்கிய 1929ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணமானவரும் அவரே. சத்தியமூர்த்தி போன்றோரின் எதிர்ப்பைச் சபையிலே நேருக்கு நேர் தாங்கினார். அவருடைய புகழிலே ஒரு குன்றிமணி அளவும் குறைக்க நாம் விரும்பவில்லை.

ஆனால் பொட்டுக்கட்டையே தடுக்கும் சட்டம் எப்போது வந்தது? 1947இல்! ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள். டாக்டர் அம்மையார் 1930இலேயே சபைப் பதவியைத் துறந்துவிட்டார். பிறகு, அந்த நெருப்பு அணையாமல் ஊதிக்கொண்டிருந்தவர் யார்? இசை வேளாளர் தெருக்களிலே வீடு வீடாக ஏறி இறங்கியவர் யார்? 'உன் மகளைப் பள்ளிக்கு அனுப்பு, மணம் செய்து கொடு' என்று தாய்மாரிடம் மன்றாடி, ஏச்சும் பேச்சும் வாங்கித் திரும்பியவர் யார்? சட்டமன்றப் படியேறாத மூவலூராரே முன்னணியில் நின்றார்!

முதலில் காங்கிரசிலே இருந்தார் அம்மையார். 1925இல் பெரியார் வெளியேறியபோது அவரும் வெளியேறினார். 'குடி அரசு' ஏட்டிலே எழுதினார். இசை வேளாளர் மாநாடுகளிலே பேசினார். கேட்க வந்தவர்களைவிட, கேட்கவிடாமல் தடுக்க வந்தவர்கள் மிகுந்திருந்த கூட்டங்கள் அவை.

1936இல் ஒரு நாவல் எழுதினார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று பெயர். மைனர்கள் எப்படி வலையிலே விழுகிறார்கள், சொத்து எப்படிக் கரைகிறது, அந்த வீடுகளிலிருந்து வெளியேறும் பெண்கள் எப்படிச் சங்கம் கூடித் தம் இனத்தைத் திருத்த முனைகிறார்கள் என்பதை எழுதினார். இலக்கணப் புலவர்கள் மெச்சும் நடை அல்ல. இடையிடையே மேடைப் பேச்சாகவே நீளும். இருந்தால் என்ன? அந்த வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவர் எழுதியது அல்லவா! 2003இல் அது ஆங்கிலத்திலே பெயர்க்கப்பட்டு, வடபுலத்து ஆராய்ச்சியாளர் மேசையிலும் ஏறியது. தமிழ்நாட்டில் அதைப் படித்தவர் எத்தனை பேர் என்று நாம் கேட்கப் போவதில்லை. விடை வருத்தம் தரும்.

அதே 1936இல்தான் அடையாற்றிலே கலாக்ஷேத்திரம் தோன்றியது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். சதிர் என்று இகழப்பட்ட ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற காலம் அது. மூவலூரிலே பிறந்தவள் ஆடினால் இழிவு. மயிலாப்பூரிலே பிறந்தவள் ஆடினால் கலை! ஆட்டம் மாறவில்லை, தாளம் மாறவில்லை, ஆடியவரின் தெரு மாறியது!

இதைப் பிடித்துக்கொண்டு சிலர் வேறு கேள்வி கேட்கிறார்கள். சட்டம் வந்து அந்தப் பெண்களின் கலையையும் சொத்துரிமையையும் பறித்துவிட்டதே, சீர்திருத்தக்காரர்கள் அவர்களைக் கேட்டார்களா என்கிறார்கள். தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. திருவையாற்றிலே தியாகராசருக்குச் சமாதி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அந்த மசோதாவை எதிர்த்தவர். அவர் அறிவிலி அல்லர். கலை கைமாறியது உண்மை; கைமாற்றியவர்களை நாமும் கண்டிக்கிறோம். ஆனால், 'அந்தப் பெண்களைக் கேட்டீர்களா?' என்பவர்கள், அதே வீட்டில் வளர்ந்து எழுந்து நின்ற இராமாமிர்தத்தின் குரலை மட்டும் ஏன் கணக்கிலே சேர்ப்பதில்லை? பத்து ரூபாய்க்கு விற்கப்பட்டவருக்கு அந்த விலையைப் பற்றிப் பேச உரிமை இல்லையா?

1938க்கு வருவோம். இராசகோபாலாச்சாரியார் ஆட்சியிலே பள்ளிகளில் கட்டாய இந்தி. திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் பெரும்படை புறப்பட்டது. ஆகஸ்டு முதல் நாள் கிளம்பி, செப்டம்பர் 11இல் சென்னை சேர்ந்தது, நாற்பத்திரண்டு நாட்கள். ஏறத்தாழ நூறு பேர். அந்தப் படையிலே நடந்த ஒரே பெண்மணி மூவலூரார். அப்போது வயது ஐம்பத்தைந்து! காலிலே கொப்புளம், தலைமேலே வெயில், வழியெங்கும் கூட்டம், கூட்டந்தோறும் பேச்சு. பட்டுக்கோட்டை அழகிரியின் முழக்கத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதுதான். உடன் நடந்த அம்மையாருக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

அதே ஆண்டு நவம்பர் 13இல் சென்னையிலே பெண்கள் மாநாடு. ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று இனி அழைப்போம் என முடிவு செய்த மாநாடு அது. அந்தப் பட்டம் நாடெங்கும் நிலைத்துவிட்டது; தந்த கைகளை மறந்துவிட்டோம். மறுநாளே மறியலுக்குச் சென்று கைதான பெண்கள் ஐவர்: டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள். சீதம்மாள் தம் பிள்ளைகளையும் உடன் கொண்டு சிறை புகுந்தார். ஆறு வாரத் தண்டனை. மொழிப்போரிலே உயிர் நீத்த தாளமுத்து, நடராசன் பெயரிலே எழும்பூரில் மாளிகை எழுந்தது. மிகச் சரி. சிறைக்குப் போய்த் திரும்பி வந்து மீண்டும் அடுப்பூதிய பட்டம்மாள்களுக்கு?

1949இல் கழகம் பிரிந்தபோது அம்மையார் அண்ணாவோடு வந்தார். முதுமையிலும் பேசினார், எழுதினார். 1962 சூன் 27இல் மறைந்தார். அண்ணா முதலமைச்சரானது 1967இல். அதைக் காண அவர் இல்லை.

1989இல் கலைஞர் அரசு, ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. எட்டாம் வகுப்பு வரையேனும் படித்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் என்று அமைந்த அதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். படித்தால்தான் பணம்! மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த எண்ணிய தாய் ஒரு கணம் தயங்கினாள். பின்னாளிலே பணம் கூடியது. 2011இல் ஆட்சிக்கு வந்தவர்கள் தாலிக்கு நான்கு கிராம் தங்கத்தையும் சேர்த்தார்கள், 2016இல் அது எட்டானது. கழுத்திலே கட்டப்படுவதை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவர் பெயரால் கழுத்துக்குத் தங்கம்! அம்மையார் இருந்திருந்தால் சிரித்திருப்பார், பிறகு ஒரு மணி நேரம் பேசியும் இருப்பார். 2022இல் அது கல்லூரிப் படிப்புக்கு என்று மாறியதே அவருக்குப் பொருத்தம்.

இனி வேண்டுவது என்ன? சிலையா? வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாடநூலிலே பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் மட்டும் போதாது. அவர் எழுதிய நாவலிலிருந்து நான்கு பக்கம் இடம்பெறட்டும். உதவித் தொகை பெறும் கல்லூரிகளின் நூலகத்திலே அந்த நூலும், பா. ஜீவசுந்தரி எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறும் இருக்கட்டும். ஆண்டுதோறும் சூன் 27இல், மயிலாடுதுறைக் கல்லூரிப் பெண்களை மூவலூருக்கு அழைத்துச் செல்லட்டும். வண்டி வேண்டாம். ஊர் பக்கத்திலேதான் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயதிலே திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தவர் ஊருக்கு, பதினெட்டு வயதுப் பெண்கள் அவ்வளவு தூரம் நடக்கலாம்.